கேமிங் கணினிக்கு எந்த அளவு மதர்போர்டு? முதன்முறை கட்டுபவர்களுக்கான வழிகாட்டி

கேமிங் கணினி ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கித் தாமே கட்ட முடிவு செய்தவர்கள், பிராசஸரைப் பற்றியும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றியும் வாரக்கணக்கில் படிக்கிறார்கள். மதர்போர்டு என்று வரும்போது மட்டும், பெரியதாக இருந்தால் நல்லதாகத்தான் இருக்கும் என்று எண்ணி, மிஞ்சிய பணத்துக்குக் கிடைப்பதை எடுத்துவிடுகிறார்கள். அந்த எண்ணம் தவறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதர்போர்டின் அளவுக்கும் விளையாட்டு ஓடும் வேகத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஒரே பிராசஸரையும் ஒரே கிராபிக்ஸ் கார்டையும் ஒரே ரேமையும் பெரிய போர்டில் ஒருமுறையும் சிறிய போர்டில் ஒருமுறையும் பொருத்திப் பார்த்தால், இரண்டிலும் மின்சாரமும் குளிர்விப்பும் குறைவின்றிக் கிடைக்கும் வரை, திரையில் வரும் ஃபிரேம்களின் எண்ணிக்கையில் கவனிக்கத்தக்க வேறுபாடு இராது.

அளவு தீர்மானிப்பவை வேறு. எத்தனை கார்டுகளைச் செருகலாம், எத்தனை ரேம்களையும் எஸ்எஸ்டிகளையும் பொருத்தலாம், எந்தக் கேபினெட்டில் போர்டு அடங்கும், உள்ளே காற்று எப்படிச் செல்லும், கட்டும்போது கை நுழைய இடம் இருக்குமா என்பவை எல்லாம் அளவைப் பொறுத்தவை. ஆகவே வாங்குபவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கிராபிக்ஸ் கார்டைத் தவிர இந்தப் போர்டில் வேறு எதைச் செருகப்போகிறேன்? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் மற்றவற்றை ஏறத்தாழ அளவுகோலே முடிவு செய்துவிடும்.

அளவுகளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இன்று கடைகளில் கிடைக்கும் போர்டுகளுக்கெல்லாம் அடிப்படை, இன்டெல் நிறுவனம் 1995-இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் தர அளவாகும். அதன் முழு அளவு 305 மி.மீ. உயரமும் 244 மி.மீ. அகலமும் ஆகும். அதைக் குறுக்கி 1997-இல் வந்தது மைக்ரோ ஏடிஎக்ஸ்; அதன் உச்ச அளவு 244 மி.மீ.க்கு 244 மி.மீ. என்ற சதுரம். 2001-இல் வியா நிறுவனம், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் தன் பிராசஸர்களுக்காக 170 மி.மீ. சதுரமான மினி ஐடிஎக்ஸ் என்ற அளவைக் கொண்டுவந்தது. விளையாட்டுக்காக உருவாக்கப்படாத அந்தச் சிறிய அளவை விளையாட்டுக் கணினி கட்டுபவர்கள் பின்னாளில் தமதாக்கிக்கொண்டார்கள். இடையில் 2004-ஐ ஒட்டி, ஏடிஎக்ஸுக்கு மாற்றாகப் பிடிஎக்ஸ் என்ற அமைப்பை நிலைநிறுத்த இன்டெல் முயன்றது. சில ஆண்டுகளிலேயே அம்முயற்சி கைவிடப்பட்டது. முப்பது ஆண்டுகளாகத் திருகுத் துளைகளின் இடம் மாறாமல் இருப்பதால்தான், பழைய கேபினெட் ஒன்றில் புதிய போர்டைப் பொருத்த முடிகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தத் தர அளவின் மீது எனக்கு மதிப்பே கூடுகிறது.

ஏடிஎக்ஸுக்கும் மைக்ரோ ஏடிஎக்ஸுக்கும் இடையிலான வேறுபாட்டை ஒரு சிறு கணக்கில் புரிந்துகொள்ளலாம். கார்டுகளைச் செருகும் ஸ்லாட் ஒவ்வொன்றுக்கும் கேபினெட்டின் பின்புறத்தில் 20.32 மி.மீ. இடம் ஒதுக்கப்படுகிறது. ஏடிஎக்ஸ் போர்டில் அப்படி ஏழு இடங்களும் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டில் நான்கு இடங்களும் உண்டு. மூன்று இடங்களின் வேறுபாடு 61 மி.மீ.; இரண்டு போர்டுகளின் உயர வேறுபாடும் அதே 61 மி.மீ. தான். அதாவது, ஏடிஎக்ஸ் போர்டின் கீழ்ப்பகுதியில் கூடுதலாக இருப்பது மூன்று கார்டுகளுக்கான இடமேயன்றி வேறில்லை. பிராசஸர் உட்காரும் சாக்கெட்டும், ரேம் ஸ்லாட்டுகளும், பின்புற இணைப்புகளின் தகடும் இரண்டிலும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் இருக்கின்றன. அந்தத் தகட்டுக்கான திறப்பு எல்லா அளவுகளிலும் ஒன்றே என்பதால், மினி ஐடிஎக்ஸ் போர்டின் பின்புறத்திலும் போதுமான யூஎஸ்பி துளைகளை அமைக்க முடிகிறது.

மினி ஐடிஎக்ஸின் நிலை வேறு. அதன் பரப்பு ஏடிஎக்ஸ் போர்டின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. அந்தப் பரப்புக்குள் ஒரே ஒரு கார்டு ஸ்லாட்டும் இரண்டு ரேம் ஸ்லாட்டுகளும் மட்டுமே இடம்பெறுகின்றன. மினி டிடிஎக்ஸ் என்று 203 மி.மீ.க்கு 170 மி.மீ. அளவில் இன்னொன்றும் உண்டு. அரிதாகவே விற்பனைக்கு வருவதால் புதியவர்கள் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஏடிஎக்ஸைவிட அகலமான இ-ஏடிஎக்ஸ் என்ற பெயரைக் கண்டால் மட்டும் கவனமாக இருங்கள். அதன் முழு அளவு 305 மி.மீ.க்கு 330 மி.மீ. ஆயினும், விளையாட்டுக்கென விற்கப்படும் பல போர்டுகள் 244 மி.மீ.யைச் சற்றே தாண்டி, 270 மி.மீ.யை ஒட்டிய அகலத்தில் நின்றுவிட்டு, அதே பெயரைச் சூட்டிக்கொள்கின்றன. கேபினெட்டின் விவரத்தாளிலும் இ-ஏடிஎக்ஸ் பொருந்தும் என்று எழுதியிருக்கும். கூர்ந்து படித்தால் குறிப்பிட்ட அகலம் வரை மட்டுமே என்ற வரையறை ஓரத்தில் தெரியும். பெயரை நம்பாமல் மி.மீ. எண்களை நம்புவதே இங்கே ஒரே பாதுகாப்பு. போர்டு எப்படியோ உள்ளே அடங்கிவிட்டாலும், அதன் வலது ஓரம் கேபிள்கள் வந்து சேரும் துளைகளை மூடிவிட்டால் வேலை கடினமாகிவிடும்.

முதல் படி: செருகப்போகும் பொருள்களை எழுதி வையுங்கள்

ஒரு தாளை எடுத்து, கணினியில் இப்போது பொருத்தப்போகும் பொருள்களையும், அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் உறுதியாகச் சேர்க்கப்போகும் பொருள்களையும் எழுதுங்கள். ‘ஒருவேளை தேவைப்படலாம்’ என்ற வகையைச் சேர்க்காதீர்கள். பயன்படாத ஸ்லாட்டுகளுக்குப் பணம் கொடுக்கச் செய்வது அந்த வகைதான்.

பெரும்பாலானோரின் பட்டியலில் ஒரு கிராபிக்ஸ் கார்டு, இரண்டு ரேம்கள், ஓரிரு எம்.2 எஸ்எஸ்டிகள் (கேபிள் இன்றிப் போர்டிலேயே செருகப்படுபவை) ஆகியவற்றுக்கு மேல் எதுவும் இராது. முன்பு தனி கார்டாக வாங்கப்பட்ட ஒலி அமைப்பும் நெட்வொர்க் இணைப்பும் இன்று போர்டிலேயே அமைந்திருக்கின்றன. வைஃபையும் பல போர்டுகளில் உள்ளேயே வருகிறது. இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை இணைத்து விளையாடும் வழக்கமும் முடிந்துவிட்டது. எஸ்எல்ஐ எனப்பட்ட அந்த வசதிக்கான புதிய டிரைவர் அமைப்புகளை 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நிறுத்திக்கொள்வதாக என்விடியா அறிவித்தது. ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டுகளில் அதற்கான இணைப்பு முனையே இல்லை. பெரிய போர்டை வாங்குவதற்கு விளையாடுபவர்களிடம் ஒரு காலத்தில் இருந்த மிக வலுவான காரணம் அதுதான். அது போனபின்பும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

விளையாட்டை ஒளிபரப்புவதற்குக் கேப்சர் கார்டு, வேகமான நெட்வொர்க் கார்டு, கூடுதல் எஸ்எஸ்டிகளைத் தாங்கும் கார்டு போன்றவை உங்கள் பட்டியலில் உண்மையாகவே இருந்தால், அவற்றை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஏடிஎக்ஸ் போர்டின் கீழ்ப்பகுதியில் நீளமான ஸ்லாட்டுகள் இரண்டு மூன்று தெரியும். நீளத்தைப் பார்த்து அவையெல்லாம் முதல் ஸ்லாட்டின் வேகத்தில் இயங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பிராசஸரிலிருந்து புறப்படும் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்களின் (கார்டுகளுக்கும் எஸ்எஸ்டிகளுக்கும் தரவு செல்லும் பாதைகளின்) எண்ணிக்கை பிராசஸரைப் பொறுத்தது. போர்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது அதிகரிக்காது. இன்டெல் 12-ஆம் தலைமுறை முதல் 14-ஆம் தலைமுறை வரையிலான டெஸ்க்டாப் பிராசஸர்கள், கிராபிக்ஸ் கார்டுக்கு 16 தடங்களையும் ஓர் எஸ்எஸ்டிக்கு 4 தடங்களையும் நேரடியாகத் தருகின்றன. ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் கிராபிக்ஸ் கார்டுக்கு 16 தடங்களும், எஸ்எஸ்டி போன்றவற்றுக்கு மேலும் 8 தடங்களும் கிடைக்கின்றன. மற்ற ஸ்லாட்டுகள் பெரும்பாலும் போர்டில் உள்ள சிப்செட் என்ற துணைச் சிப் வழியாகவே இணைக்கப்படுகின்றன. நீளமாகத் தெரியும் கீழ் ஸ்லாட்டுக்குள் நான்கு தடங்களோ ஒரே தடமோ மட்டும் இருப்பது மிகச் சாதாரணம். எந்த ஸ்லாட்டில் எத்தனை தடங்கள் என்பதைப் போர்டின் விவரத்தாளில் தனியாகக் குறிப்பிட்டிருப்பார்கள். வாங்குவதற்கு முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கிராபிக்ஸ் கார்டை அளந்து பாருங்கள்

விளையாட்டுக் கணினியில் மிகப் பெரிய பொருள் இன்று கிராபிக்ஸ் கார்டுதான். மதர்போர்டைவிட நீளமான கார்டுகள்கூட உண்டு. என்விடியா தானே வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் நீளம் 304 மி.மீ.; பிற நிறுவனங்கள் தயாரித்த அதே கார்டுகள் 330 மி.மீ.யையும் தாண்டுகின்றன. நடுத்தரக் கார்டுகள் பெரும்பாலும் இதைவிடக் குட்டையானவை என்றாலும், ஒரே சிப்பை இரண்டு விசிறிகளோடு ஒரு நிறுவனமும் மூன்று விசிறிகளோடு இன்னொரு நிறுவனமும் விற்பதால், கார்டின் பெயரை வைத்து அளவை ஊகிக்க முடியாது. நீங்கள் வாங்கப்போகும் அந்த மாதிரியின் நீளம், உயரம், தடிமன் ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

போர்டின் அளவைத் தேர்வதில் இம்மூன்றில் தடிமனே மிக முக்கியம். மேற்சொன்ன 4090 கார்டின் தடிமன் 61 மி.மீ.; அதாவது மூன்று ஸ்லாட் இடங்கள். இத்தகைய கார்டை மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டின் முதல் ஸ்லாட்டில் செருகினால், நான்கு இடங்களில் மூன்று மறைந்துபோகும். நான்காவது இடத்தில் ஒரு சிறிய கார்டைச் செருகலாம். ஆனால் அது கிராபிக்ஸ் கார்டின் விசிறிகளுக்கு நேர் எதிரே நின்று காற்றை மறிக்கும். விவரத்தாளில் மூன்று ஸ்லாட்டுகள் இருப்பதாக எழுதியிருந்தும், கார்டைப் பொருத்திய பின் பயன்படுத்தத்தக்கது ஒன்றுதான் என்ற நிலை இப்படித்தான் வருகிறது. ஆகவே போர்டின் படத்தை எடுத்துக்கொண்டு, முதல் நீளமான ஸ்லாட்டிலிருந்து கீழ்நோக்கி உங்கள் கார்டின் தடிமன் எவ்வளவு இடத்தை மூடுகிறது என்பதைக் குறித்துப் பாருங்கள். எந்த எம்.2 எஸ்எஸ்டி கார்டுக்கு அடியில் அகப்படும், எந்த சாட்டா முனைகள் (கேபிள் வழியாக இணையும் டிஸ்க்குகளுக்கானவை) கார்டின் விளிம்பில் இடிக்கும், கீழ் விளிம்பில் உள்ள யூஎஸ்பி முனைகளுக்குக் கேபிள் வளைந்து செல்ல இடம் மிஞ்சுமா என்பவை அந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடும். பணம் கொடுத்த பிறகு கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாம் படி: கேபினெட்டைப் போர்டுக்கு முன்னால் தீர்மானியுங்கள்

பலர் போர்டை வாங்கிவிட்டு அதற்கேற்ற கேபினெட்டைத் தேடுகிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். கணினியை வைக்கப்போகும் இடத்தின் அகலம், ஆழம், உயரம் ஆகியவற்றை அளந்து, பின்புறம் கேபிள்கள் வளைவதற்கும் வெப்பக் காற்று வெளியேறுவதற்கும் சுமார் 10 செ.மீ. விட்டு, மீதியுள்ள இடத்தில் எந்தக் கேபினெட் அடங்கும் என்று பாருங்கள். அந்தக் கேபினெட் ஏற்கும் போர்டு அளவுகள் அதன் விவரத்தாளில் இருக்கும்.

பெரிய கேபினெட்டில் சிறிய போர்டைப் பொருத்தலாம். சிறிய கேபினெட்டில் பெரிய போர்டைப் பொருத்த முடியாது. எல்லா அளவுப் போர்டுகளும் கேபினெட்டின் மேல் பின்மூலையை ஒட்டியே அமர்வதால், ஏடிஎக்ஸ் கேபினெட் ஒன்றில் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டைப் பொருத்தினால் கீழ்ப்பகுதி வெறுமையாக இருக்கும். பார்ப்பதற்கு நிறைவாக இராது என்று சிலர் குறைப்படுவார்கள். எனக்கு அது ஒரு குறையாகவே தெரிவதில்லை. கிராபிக்ஸ் கார்டின் விசிறிகள் காற்றை இழுப்பதற்கு அந்த வெற்றிடம் உதவுகிறது. நேர்மாறாக, மைக்ரோ ஏடிஎக்ஸுக்கென்றே செய்யப்பட்ட குட்டையான கேபினெட்டில் தடித்த கார்டைப் பொருத்தினால், கார்டின் விசிறிகளும் அடியில் பவர் சப்ளையை மூடியிருக்கும் தகடும் நெருங்கிவிடும். அந்த இடைவெளி ஓரிரு செ.மீ.யாகச் சுருங்கினால் வெப்பமும் விசிறியின் ஒலியும் உயரும்.

நீளத்தைக் கணக்கிடும்போது முன்புறத்தில் வரப்போகும் பொருள்களைக் கழிக்க மறக்காதீர்கள். ஒரு கேபினெட்டில் 380 மி.மீ. நீளமுள்ள கார்டு அடங்கும் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்புறத்தில் திரவக் கூலரின் 27 மி.மீ. தடிமனுள்ள ரேடியேட்டரையும் 25 மி.மீ. விசிறிகளையும் பொருத்தினால் 52 மி.மீ. குறைந்து, எஞ்சுவது 328 மி.மீ. மட்டுமே. சில நிறுவனங்கள் விசிறியின் தடிமனை முன்பே கழித்துவிட்டு எழுதுகின்றன; சில அப்படிச் செய்வதில்லை. குறிப்பில் தெளிவு இல்லையென்றால் கழித்துக்கொள்வதே நல்லது.

பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் உயரமும் இதே படியில் தீர வேண்டிய விஷயம். இரட்டைக் கோபுர வடிவிலான பெரிய காற்றுக் கூலர்கள் 160 மி.மீ.யை ஒட்டியோ தாண்டியோ உயர்ந்து நிற்கின்றன. சிறிய மினி ஐடிஎக்ஸ் கேபினெட்டுகள் பலவற்றில் 50 முதல் 75 மி.மீ. வரை உயரமுள்ள கூலர்களுக்கு மட்டுமே இடம் உண்டு. போர்டைச் சிறியதாக்கும்போது பிராசஸரின் தேர்வும் கூடவே குறுகிவிடுகிறது என்பதைப் புதியவர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பதில்லை. உச்சத்தில் 253 வாட் வரை மின்சாரம் இழுக்க அனுமதிக்கப்பட்ட கோர் ஐ9-14900கே போன்ற பிராசஸரை அத்தகைய தாழ்ந்த கூலரின் கீழ் வைப்பது, அதன் வேகத்தை நாமே கட்டிப்போடுவதாகும்.

பவர் சப்ளையின் அளவையும் பாருங்கள். சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளை 150 மி.மீ. அகலமும் 86 மி.மீ. உயரமும் கொண்டது. சிறிய கேபினெட்டுகள் பல, 125 மி.மீ. அகலமும் 63.5 மி.மீ. உயரமும் உள்ள எஸ்எஃப்எக்ஸ் வகையை மட்டுமே ஏற்கும். வாட் எண்ணிக்கை சமமாக இருக்கும்போது எஸ்எஃப்எக்ஸ் வகைக்கு விலை பெரும்பாலும் அதிகம். மினி ஐடிஎக்ஸ் போர்டே அதே சிப்செட் கொண்ட பெரிய போர்டைவிட விலை கூடியதாக இருப்பது வழக்கம்; பவர் சப்ளையின் கூடுதல் விலையையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

இன்னும் ஒரு புது வகையைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். கேபிள் முனைகளையெல்லாம் போர்டின் பின்பக்கத்துக்கு மாற்றியமைத்த போர்டுகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. ஆசுஸ் நிறுவனம் பிடிஎஃப் என்ற பெயரிலும் எம்எஸ்ஐ நிறுவனம் புராஜெக்ட் ஜீரோ என்ற பெயரிலும் அவற்றை விற்கின்றன. கணினியின் உட்புறம் மிகச் சுத்தமாகத் தெரியும். ஆனால் அந்த முனைகளுக்கு நேரே துளைகள் வெட்டப்பட்ட கேபினெட்டில் மட்டுமே அவை பொருந்தும். அளவு ஏடிஎக்ஸ் என்று எழுதியிருப்பது மட்டும் போதாது.

நான்காம் படி: சாக்கெட், சிப்செட், மின்சுற்று

அளவு எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் சாக்கெட் மாறினால் எல்லாம் வீண். ரைசன் 7000, 9000 வரிசைகளுக்கு ஏஎம்5, இன்டெல் 12 முதல் 14 வரையிலான தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1700, கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு எல்ஜிஏ 1851 என்று ஒவ்வொன்றுக்கும் தனி சாக்கெட் உண்டு. எல்ஜிஏ 1700 போர்டுகளில் இன்னொரு கிளையும் இருக்கிறது: சில டிடிஆர்4 என்ற முந்தைய தலைமுறை ரேமை ஏற்கும், சில டிடிஆர்5 என்ற அடுத்த தலைமுறை ரேமை ஏற்கும், இரண்டையும் மாற்றிச் செருக முடியாது. பிராசஸர் போர்டைவிடப் பிந்தி வெளிவந்ததாக இருந்தால், உற்பத்தியாளர் தரும் பிராசஸர் ஆதரவுப் பட்டியலில் எந்தப் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே பதிந்துள்ள மென்பொருள்) பதிப்பு தேவை என்பதைப் பாருங்கள். பிராசஸர் இல்லாமலேயே பென்டிரைவ் வழியாகப் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் உள்ள போர்டு, இத்தகைய நேரத்தில் பெரிய உதவி.

சிப்செட்டைப் பொறுத்தவரை, புதியவர்களுக்குத் தேவையானது சுருக்கமே. இன்டெல்லில் பிராசஸரின் வேகத்தைக் கையால் உயர்த்துவதற்கு இசட் வரிசை தேவை. அந்த எண்ணம் இல்லாதவர்களுக்குப் பி760 போன்ற பி வரிசை போதும், அதில் ரேமின் உயர்ந்த வேகத்தை இயக்கவும் முடியும். ஏஎம்டியில் பி650, பி850 போன்ற பி வரிசைப் போர்டுகளே விளையாட்டுக்குத் தாராளம்.

சிப்செட்டைவிட அதிகக் கவனம் பெற வேண்டியது, பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் என்ற மின்சுற்று. சாக்கெட்டைச் சுற்றி, வெப்பத்தை வெளியேற்றும் உலோக ஹீட்சிங்க் பொருத்தப்பட்ட பகுதி அது. சிறிய போர்டுகளில் இது எப்போதும் பலவீனமாக இருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை; நல்ல மினி ஐடிஎக்ஸ் போர்டுகள் அதைப் பொய்யாக்குகின்றன. உண்மையில் அஞ்ச வேண்டியது விலை மலிந்த போர்டுகளை. ஹீட்சிங்க் எதுவும் இல்லாமல் விஆர்எம் திறந்து கிடக்கும் போர்டில் எட்டு கோர்களும் அதற்கு மேலும் உள்ள பிராசஸரைப் பொருத்தினால், நீண்ட நேரம் விளையாடும்போது அந்தச் சுற்று சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடலாம். மைக்ரோ ஏடிஎக்ஸ் வரிசையில் மிக மலிவான போர்டுகளும் மிக நல்ல போர்டுகளும் கலந்து கிடப்பதால், அங்கே இந்தச் சோதனையை எவரும் தவிர்க்கக் கூடாது.

ஐந்தாம் படி: ரேம், எஸ்எஸ்டி, சிறு இணைப்புகள்

நான்கு ரேம் ஸ்லாட்டுகள் இருப்பது பெரிய வசதி என்று தோன்றும். டிடிஆர்5 ரேமைப் பொறுத்தவரை அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. ரைசன் 7000 வரிசையின் அதிகாரபூர்வ அளவுகளின்படி, இரண்டு ரேம்களைப் பொருத்தினால் 5200 எம்டி/எஸ் (வினாடிக்கு இத்தனை மில்லியன் தரவுப் பரிமாற்றங்கள்) வரை வேகம் உறுதி. நான்கையும் நிரப்பினால் அது 3600 ஆக இறங்கிவிடுகிறது. நடைமுறையில் இதைவிட உயர்ந்த வேகத்தில் பலர் இயக்குகிறார்கள் என்றாலும், நான்கு ரேம்களில் அது கடினமாகிறது என்பதே உண்மை. ஆகவே 16 ஜிபி ரேம்கள் இரண்டை இப்போது வாங்கி, பிறகு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற திட்டம் டிடிஆர்5 காலத்தில் நல்ல திட்டமாகாது. வேண்டிய அளவை இரண்டு ரேம்களிலேயே ஒரு தொகுப்பாக வாங்கிவிடுங்கள். அப்படி வாங்குபவருக்கு மினி ஐடிஎக்ஸின் இரண்டு ஸ்லாட்டுகள் குறையாகவே தெரியாது. நான்கு ஸ்லாட்டுள்ள போர்டில் இரண்டை மட்டும் பொருத்தும்போது, பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதுமான ஸ்லாட்டுகளே வழக்கமான இடம். கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எம்.2 எஸ்எஸ்டிகளில் பெரும்பாலானவை 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் உள்ளவை. ஏடிஎக்ஸ் போர்டுகளில் மூன்று அல்லது நான்கு பொருத்தலாம். மைக்ரோ ஏடிஎக்ஸில் பொதுவாக இரண்டோ மூன்றோ. மினி ஐடிஎக்ஸில் இடமின்மையால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியோ, இரண்டாவதைப் போர்டின் பின்பக்கத்தில் வைத்தோ அமைக்கிறார்கள். பின்பக்கத்தில் காற்று ஓடாது. தவிர, அந்த எஸ்எஸ்டியை மாற்ற வேண்டுமென்றால் போர்டையே கழற்ற நேரிடலாம். பெரிய போர்டுகளிலும் ஒரு பொறி உண்டு. குறிப்பிட்ட எம்.2 இடத்தில் எஸ்எஸ்டியைப் பொருத்தினால் இரண்டு சாட்டா முனைகள் செயலிழக்கும், அல்லது கிராபிக்ஸ் கார்டின் தடங்கள் பாதியாகும் என்பது போன்ற நிபந்தனைகள் விவரத்தாளின் அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில் இருக்கும். எத்தனை எம்.2 இடங்கள் என்ற எண்ணைவிட அந்த அடிக்குறிப்பே உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.

கேபினெட்டின் முன்புறத்தில் யூஎஸ்பி டைப்-சி துளை இருந்தால், அதற்குரிய முனை போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான போர்டுகளில் அது விடுபட்டிருக்கும். பொருத்தப்போகும் விசிறிகளையும் எண்ணி, போர்டில் உள்ள விசிறி முனைகளோடு ஒப்பிடுங்கள். முனைகள் போதாவிட்டால் பிரிப்பான் கேபிள் ஒன்று வாங்கிச் சமாளிக்கலாம். அளவை மாற்றும் அளவுக்கு அது பெரிய காரணமாகாது.

ஆறாம் படி: முடிவெடுப்பது

மேற்சொன்னவற்றைச் செய்து முடித்தவர்களில் பெரும்பான்மையோரின் தாளில் ஒரு கிராபிக்ஸ் கார்டு, இரண்டு ரேம்கள், இரண்டு எஸ்எஸ்டிகள் என்பதோடு பட்டியல் முடிந்திருக்கும். அவர்களுக்கு என் பரிந்துரை மைக்ரோ ஏடிஎக்ஸ். நல்ல விஆர்எம் உள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு ஒன்றைக் காற்றோட்டமான நடுத்தரக் கேபினெட்டில் பொருத்தி, மிச்சப்படும் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் சேர்த்தால், விளையாட்டில் அதன் பயனைக் கண்ணாலேயே காணலாம். முழு ஏடிஎக்ஸ் போர்டைவிட இது தாழ்ந்தது என்ற எண்ணம் புதியவர்களிடம் ஆழமாகப் பதிந்திருப்பதை நான் வருத்தத்தோடு பார்க்கிறேன். அவர்கள் இழப்பது, ஒருபோதும் நிரப்பாத மூன்று ஸ்லாட் இடங்களை மட்டுமே.

கிராபிக்ஸ் கார்டு மூன்று ஸ்லாட் தடிமனுள்ளதாகவும், அதோடு கேப்சர் கார்டோ வேறு கார்டோ உறுதியாகத் தேவைப்படுவதாகவும் இருந்தால் ஏடிஎக்ஸ் வாங்குங்கள். நான்கு எஸ்எஸ்டிகள் வேண்டும் என்பவர்களுக்கும் அதுவே சரி. முதன்முறை கட்டுபவர் ஒருவர், கை தாராளமாக நுழைய வேண்டும், கேபிள்களை நிதானமாகச் செருக வேண்டும் என்று ஏடிஎக்ஸைத் தேர்ந்தால் அதையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தாராளத்தை உண்மையில் தருவது பெரிய கேபினெட்; அது மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுக்கும் கிடைக்கும். விலையில் இரண்டும் சமமாக இருக்கும் சந்தர்ப்பங்களும் வரும்; அப்போது விஆர்எம்மும் பின்புற இணைப்புகளும் எதில் மேலாக உள்ளனவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மினி ஐடிஎக்ஸ், இடம் உண்மையாகவே குறைவாக உள்ளவர்களுக்கும், கணினியை அடிக்கடி தூக்கிச் செல்பவர்களுக்கும் உரியது. அந்தச் சிறிய அளவுக்குள் முழுத் திறனுள்ள கணினியை அடக்குவது அழகான வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கார்டின் நீளம், கூலரின் உயரம், பவர் சப்ளையின் வகை, கேபிள்களின் விறைப்பு என ஒவ்வொன்றும் மற்றொன்றைப் பாதிப்பதால், எல்லா அளவுகளும் தாளில் பொருந்திய பிறகே முதல் பொருளை வாங்க வேண்டும். கார்டைப் போர்டின் முதுகுப்பக்கமாக வைக்கும் கேபினெட்டுகளில் கார்டைப் போர்டின் ஸ்லாட்டோடு இணைக்கும் ரைசர் கேபிள் ஒன்று இடையில் வரும். அது கார்டும் போர்டும் பயன்படுத்தும் பிசிஐ எக்ஸ்பிரஸ் தலைமுறைக்கு ஏற்றதா என்பதைச் சரிபாருங்கள். பழைய தலைமுறைக் கேபிளோடு புதிய கார்டை இணைத்தால் திரை வராமலோ இடையிடையே நின்றோ போகக்கூடும். பயாஸில் அந்த ஸ்லாட்டின் வேகத்தைக் கேபிளின் தலைமுறைக்கு இறக்கி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இ-ஏடிஎக்ஸ் போர்டை, விளையாட்டு மட்டுமே நோக்கமாக உள்ள எவருக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஏழாம் படி: போர்டைக் கேபினெட்டில் இறக்கும் முன்

போர்டு கையில் வந்ததும், அதைக் கேபினெட்டில் வைப்பதற்கு முன் அதன் திருகுத் துளைகளை எண்ணுங்கள். ஏடிஎக்ஸ் போர்டில் வழக்கமாக ஒன்பதும், மினி ஐடிஎக்ஸில் மூலைக்கு ஒன்றாக நான்கும் இருக்கும். மைக்ரோ ஏடிஎக்ஸில் போர்டின் அகலத்தைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். கேபினெட்டின் தகட்டில் ஸ்டாண்டாஃப் எனப்படும் சிறு பித்தளைத் தாங்கிகள், பெரும்பாலும் ஏடிஎக்ஸ் அளவுக்கே முன்கூட்டிப் பொருத்தப்பட்டிருக்கும். உங்கள் போர்டின் ஒவ்வொரு துளைக்கும் நேரே ஒரு தாங்கி இருக்க வேண்டும். துளை இல்லாத இடத்தில் ஒரு தாங்கியும் இருக்கக் கூடாது. தேவையற்ற ஒரு தாங்கி போர்டின் அடியில் உள்ள பற்றவைப்புகளைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகி, கணினி இயங்காமல் போவதோடு போர்டே பழுதாகவும் கூடும். சிறிய போர்டைப் பெரிய கேபினெட்டில் வைப்பவர்கள் இதை இருமுறை பார்ப்பது நல்லது.

விலை குறைந்த ஏடிஎக்ஸ், மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுகள் பல, தர அளவின் முழு அகலமான 244 மி.மீ.க்குக் குறைவாகவே இருக்கும். அவற்றில் வலது ஓரத்து வரிசைத் துளைகள் இல்லாததால், அந்த விளிம்பு தாங்கியின்றித் தொங்கும். 24 பின் கொண்ட பெரிய மின்கேபிளும் ரேம்களும் அந்த ஓரத்தில்தான் அழுத்திச் செருகப்படுகின்றன. இத்தகைய போர்டு என்றால், ரேமை வெளியிலேயே, மேசையில் போர்டின் அட்டைப்பெட்டி மீது வைத்துப் பொருத்திவிடுங்கள். கேபிளைச் செருகும்போது ஒரு கை விரல்களால் போர்டின் விளிம்பை அடியிலிருந்து தாங்கிக்கொண்டு, மறு கையால் நேராக அழுத்துங்கள். மேல் மூலையில் உள்ள பிராசஸருக்கான 8 பின் கேபிளைக் கூலரையும் மேல் விசிறிகளையும் பொருத்துவதற்கு முன்பே செருகிவிடுவது, குறிப்பாகச் சிறிய கேபினெட்டுகளில், அரை மணி நேர அவதியை மிச்சப்படுத்தும். கிராபிக்ஸ் கார்டைக் கடைசியாகச் செருகுங்கள். அதன் அடியில் மறையப்போகும் எஸ்எஸ்டியும், கீழ் விளிம்பின் யூஎஸ்பி, ஒலி, பவர் பொத்தான் கேபிள்களும் அதற்கு முன்பே அவற்றின் இடத்தில் இருக்க வேண்டும்.